கூரையில் ஒரு கூடு

கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்கு மணி தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் பள்ளத்தறி இருந்தது. அதற்கு நேர் மேலே, நாட்டு ஓட்டுக் கூரையில் முழ நீளத்துக்கு இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். காலையில் அந்த வெளிச்சம் மேற்குச் சுவரில் நிற்கும். இறங்கி வந்து பாவின் மேல் படியும்போது பத்து மணி தாண்டியிருக்கும். என் மடிக்கு வந்தால் சாப்பாட்டு நேரம். அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்து கோர்வைக் கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுப்பது என் வேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு இழை தப்பினாலும் சேலையில் அது பல்லிளித்துவிடும். அந்த இழையை எனக்குக் காட்டியது கூரையிலிருந்து இறங்கிய அந்த இரண்டு துண்டு வெளிச்சம்தான்.

வெயில் உச்சிக்கு ஏறினால் அம்மா ஒரு பழைய வேட்டியைக் கண்ணாடிக்குக் கீழே குறுக்காகக் கட்டிவிடுவார். நேர் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். நெசவுக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். இந்த இரண்டையும் பிரிக்கிற வேலையைத்தான் கட்டட வரைவாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்துவருகிறேன்.

வெளிச்சம் ஏன் கூரை வழியாக வர வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் தெருக்களில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அகலம் பதினாறு அடி, பதினெட்டு அடி. நீளம் எழுபது, எண்பது. திண்ணை, நடை, கூடம், முற்றம், சமையலறை, பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வீடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பாவு நீளமானது, அதனால் கூடமும் நீளமானது. பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. வைத்தால் அடுத்த வீட்டுச் சமையலறையில் திறக்கும். முன்னால் தெரு, நடுவில் முற்றம், மேலே கூரை. வெளிச்சம் வர இந்த மூன்று வழிகள்தான். தெரு வெளிச்சம் நடையோடு நின்றுவிடும். முற்றத்து வெளிச்சம் தறியின் பின்பக்கத்தை மட்டும் தொடும். மிச்சம் இருப்பது கூரை.

அந்தக் கூரையின் கதையைச் சொல்ல வேண்டும். பனங்கைகள், மேலே மூங்கில் அல்லது மரச் சட்டங்கள், அதன் மேல் குயவர் சக்கரத்தில் குழாயாகச் சுற்றி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து சுட்ட நாட்டு ஓடு. ஒரு வரிசை மல்லாந்து கிடக்கும், அடுத்த வரிசை அதன் விளிம்புகள் மேல் கவிழ்ந்து கிடக்கும். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் வருவார். உடைந்ததை எடுத்துவிட்டு நகர்ந்ததைச் சரிசெய்வார். கோயில் ஊர் என்பதால் எங்கள் ஓடுகளுக்குக் குரங்குகள்தான் பெரிய எதிரி. ஆனால் அந்தக் கூரைக்கு ஒரு குணம் உண்டு: எந்த இடத்திலும் நாலு ஓட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். கண்ணாடித் துண்டு, புகைபோக ஒரு பானை ஓடு, எதுவானாலும் சரி. கூரை அதைக் காயமாக எடுத்துக்கொள்ளாது.

1865-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சிறு ரயில் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மங்களூரில், நேத்திராவதி ஆற்றை ஒட்டிய ஜெப்புவில், பாசல் மிஷனின் ஜார்ஜ் ப்ளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒன்றோடொன்று பல் பிடித்துப் பூட்டிக்கொள்ளும் அந்தச் சீமை ஓடு, பிரான்சின் அல்சேஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் 1841-இல் உருவாக்கிய ஓட்டின் வாரிசு. ஓடும் ரயிலும் ஒருநாள் சந்தித்தே தீரும் அல்லவா? பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சீமை ஓடு எங்கள் தெருக்களுக்கும் வந்தது. அதனோடு வெளிச்சத்துக்கென்றே கண்ணாடி ஓடும், காற்றுக்கென்று சின்னக் குல்லாய் வைத்த துளை ஓடும் வந்தன. கூரைத் திறப்புக்கு முதன்முறையாக அச்சில் வார்த்த அளவு கிடைத்தது. மழைநீர் உள்ளே வராமல் காற்று மட்டும் வருகிற அந்தக் குல்லாய் ஓட்டை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். மேல்நாட்டில் டார்மர் என்று சொல்கிற கூரை ஜன்னலின் குழந்தை அது. சரிவான கூரையின் முகத்திலிருந்து தனக்கென ஒரு சின்னக் கூரையோடு வெளியே எழுந்து நிற்கிற ஜன்னல்தான் டார்மர். தூங்கும் அறை என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். பரணில் படுக்கிறவனுக்காக வைத்த ஜன்னல்.

தாத்தா காலத்தில் பூவேலைக்கு அடை போட்டார்கள். தறிக்கு மேலே கட்டிய நூல்களை ஒரு ஆள் இழுத்துக்கொடுப்பார். அப்பா காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஜக்கார்டு பெட்டி வந்தது. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் செய்துகாட்டிய இயந்திரம். துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லும். பெட்டி தறியின் தலைக்கு மேலே உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் ஓரத்து நூல்கள் சாய்ந்து இழுக்கும், நடு இழை ஒரு உயரமும் ஓர இழை ஒரு உயரமும் எழும்பும், வேலை கோணும். ஆனால் எங்கள் கூடத்தில் நின்று கையை உயர்த்தினால் கைமரம் தட்டும்.

லியோனில் இதே சிக்கலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? க்ரூவா-ரூஸ் குன்றின் மேல் நெசவாளர்களுக்கென்றே புதிய கட்டடங்கள் எழுப்பினார்கள். ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம், அதற்கேற்ற நெடிய ஜன்னல்கள். இன்றும் அவை நிற்கின்றன. லண்டனில் அதற்கும் முன்பே, 1685-இல் பிரான்சில் தங்கள் மதத்துக்கு இருந்த பாதுகாப்பை இழந்து ஓடிவந்த ஹ்யூகனாட் பட்டு நெசவாளர்கள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் வீட்டின் உச்சியில், கூரைக்கு அடியில் தறி வைத்தார்கள். அந்த மேல் மாடம் முழுக்கச் சுவருக்குச் சுவர் அகல ஜன்னல். படத்தில் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. தறி நம்முடையதுபோலப் பள்ளத்தில் இல்லை, மாடியில் இருக்கிறது. ஆனால் பட்டு இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூரையைத் திறந்த கை அதே கைதான்.

எங்கள் வீட்டில் புதுக் கட்டடம் எழுப்பக் காசில்லை. தச்சர் ஒருவரை அப்பா அழைத்துவந்தார். அவர் மூன்று நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வார். பிறகு தறிக்கு மேலே, பின்சரிவில், ஐந்தடி அகலத்துக்கு ஓட்டைப் பிரித்து, இரண்டு கைமரங்களை அறுத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து, அதன் மேல் ஒரு குட்டிக் கூரையைத் தூக்கி நிறுத்தினார். முன்பக்கம் மரச்சட்டத்தில் கம்பி வலை. அதே ஓடு, அதே சரிவு. தெருவில் நின்று பார்த்தால் எதுவுமே தெரியாது. ஜக்கார்டு பெட்டியின் தலை அந்தக் குட்டிக் கூரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டியின் இருபுறமும் வெளிச்சம் சரிந்து இறங்கியது. அவருக்கு டார்மர் என்ற சொல் தெரியாது. நாங்கள் அதைத் “தூக்கல்” என்றோம். என் வாழ்நாளில் பார்த்த மிகச் சரியான கட்டட வேலைகளில் அது ஒன்று. அதை இடித்தவன் நான்தான்.

1994-இல் பட்டயப் படிப்பு முடித்து, ஒரு அலுவலகத்தில் வரைபடம் போட ஆரம்பித்திருந்தேன். ஓட்டு வீடு என்றால் கூச்சம். தூக்கலைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் நாலு செங்கல் தூண் எழுப்பி, பத்துக்குப் பத்து அளவில் கான்கிரீட் தளம் போட்ட ஒரு அறையை ஓட்டுக் கூரையின் நடுவே நிறுத்தினேன். நாலு பக்கமும் பெரிய ஜன்னல். பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. மோட்டுக்கு மேலே ஆறடி துருத்திக்கொண்டிருந்தது. பெருமாள் வீதியுலா வருகையில் எதிர்வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு, “சாமி கீழே வரும்போது உன் ஜன்னல் மேலே நிக்குதேடா தம்பி” என்றார். அன்று அது எனக்குப் பழமையாகப் பட்டது.

அந்த ஐப்பசியில் விடை கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை எங்கள் ஊரில் செங்குத்தாகப் பெய்யாது, காற்றோடு சாய்ந்து அடிக்கும். அந்த அறையின் சுவரும் ஓடும் சேருகிற இடத்தில் சிமெண்டுப் பூச்சு வெடித்தது. ஓடு வெயிலில் ஒரு மாதிரி விரியும், சுவர் வேறு மாதிரி விரியும். நடுவில் பூசியது எத்தனை நாள் தாங்கும்? ஒரு இரவில் தண்ணீர் தறியின் மேல் இறங்கியது. மூன்று சேலைக்கான பாவு. அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் ஒன்றில் ஒன்று இறங்கிக் கலந்திருந்தன. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்ததும் பாவை அறுத்து எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நான் கூரையைப் படிக்க ஆரம்பித்தேன். புத்தகத்தில் அல்ல, கல்லில்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு அதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. மேற்கே கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதன் கொடுங்கையைப் பாருங்கள். கூரை விளிம்பு போல வளைந்து தொங்கும் அந்தக் கல்லில், இடைவெளி விட்டு விட்டுக் குதிரை லாட வடிவத்தில் சின்னச் சின்ன வளைவுகள். சிலவற்றுக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப்பார்க்கும். அதற்குக் கூடு என்று பெயர். இன்னும் பெரிதாக, விமானத்தின் சிகரத்தில் நான்கு திசையிலும் துருத்தி நிற்பதை நாசி, நாசிகை என்கிறது சிற்ப சாத்திரம். இவை என்ன? மரத்தாலும் வைக்கோலாலும் கட்டிய பழைய கூரைகளில் இருந்த ஜன்னல்கள். மரம் போய்விட்டது, வைக்கோல் போய்விட்டது, ஜன்னல் மட்டும் கல்லில் தங்கிவிட்டது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் ஒரு குடிசையையே அச்செடுத்து வைத்திருக்கிறது. பக்கத்தில் பீம ரதத்தின் நீண்ட வண்டிக்கூட்டுக் கூரையில் கூடுகள் வரிசையாக நிற்கின்றன. கட்டட அலங்காரம் என்று நாம் கடந்துபோகிற அவை, ஒரு காலத்தில் காற்றும் வெளிச்சமும் போய்வந்த வழிகளின் உருவம். காற்று வரும் வழிக்குத் தமிழில் காலதர் என்று ஒரு பழஞ்சொல் உண்டு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ-துப்ருய் 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில் இந்தக் கூட்டை ஒரு கடிகாரம் போலப் பயன்படுத்தினார். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போல இருக்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் ஏறிவிடும். கூட்டைப் பார்த்தே கோயிலின் காலத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். காலம் சொல்லும் அளவுக்கு அந்தச் சின்ன வளைவில் ஒழுங்கு இருக்கிறது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் ஏணியும் நூலுமாக அளக்க முடியாத இடத்தில் கண்ணால் அளந்தேன். மூன்று விஷயங்கள் மறுபடி மறுபடி கண்ணில் பட்டன. நாசிகை தன் கூரையின் உச்சியைத் தாண்டுவதில்லை. கீழே சுவரில் சிலை வைக்கும் கோட்டத்தின் நடுவுக்கு நேராகவே மேலே நிற்கிறது. இஷ்டத்துக்கு இடம் மாறுவதில்லை. அதன் அகலம் தான் ஒட்டியிருக்கும் கூரையின் அகலத்தில் ஒரு பங்குதான், முழுவதும் அல்ல. நாசி என்றால் மூக்கு. முகத்தை மறைக்கிற மூக்கை எந்தச் சிற்பியும் செதுக்கமாட்டான். எங்கள் வீட்டுத் தச்சர் மூன்று நாள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சிற்பிக்கும் அவருக்கும் நடுவில் அறுபடாமல் வந்த ஒன்றை, இரண்டாண்டுப் பட்டயத்தோடு வந்த நான் ஒரே வெயில் காலத்தில் அறுத்திருக்கிறேன்.

பழைய கட்டடத்தோடு புதிதைச் சேர்ப்பது பற்றி உலக அளவில் 1964-இல் வெனிஸ் நகரத்தில் ஒரு சாசனம் எழுதினார்கள். கட்டடத்தின் சிறப்பான பகுதிகளையும், அதன் மரபான சூழலையும், அமைப்பின் சமநிலையையும் கெடுக்காத அளவுக்குத்தான் சேர்ப்பு வேலைக்கு இடம் உண்டு என்பது அதன் கருத்து. நல்ல வார்த்தை. ஆனால் அது நினைவுச்சின்னங்களுக்கு எழுதியது. எங்கள் தெருவில் உள்ள வீடு நினைவுச்சின்னம் இல்லை. அதில் ஒரு குடும்பம் தூங்குகிறது, ஒரு தறி ஓடுகிறது. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்றை எழுப்பி வைத்திருக்கிறார்கள். போய் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் வீட்டைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு டிக்கெட் வாங்கிப் போகும் நிலை வந்தது என் தொண்டையை அடைத்தது.

2019-இல் எங்கள் பெருமாள் கோயிலின் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வசந்த மண்டபத்தில் காட்சி கொடுத்தார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாள். ஊரே வாடகை அறையாக மாறியது. எங்கள் பக்கத்தில் இரண்டு ஓட்டு வீடுகளின் தலையில் தகரக் கொட்டகை ஏறியது. 48 நாளுக்காக ஏற்றியது இன்றும் இறங்கவில்லை. அந்தத் தகரத்தின் கீழே வைகாசி வெயிலில் யாரும் தறி போட முடியாது.

அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு நெசவாளர் என்னைத் தேடி வந்தார். தாத்தா கட்டிய வீடு, பதினெட்டடி அகலம். தறி இருக்கும் கூடம் இருட்டு. மகனுக்குப் படிக்க மேலே ஒரு இடம் வேண்டும். ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடத் தீர்மானித்துதான் வந்திருந்தார். எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் அண்ணே என்றேன்.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். தெருப் பக்கச் சரிவைத் தொடவே இல்லை. முற்றத்தைப் பார்த்த பின்சரிவில் இரண்டு தூக்கல்கள், ஒவ்வொன்றும் நான்கடி அகலம். ஒவ்வொன்றின் நடுவும் கீழே கூடத்தின் வாசல்காலுக்கும் ஜன்னலுக்கும் நேர். அவற்றின் மோடு, வீட்டின் மோட்டுவளைக்கு ஒன்றரை அடி கீழே நின்றது. சரிவு, வீட்டுக் கூரைக்கு என்னவோ அதேதான். கீழே உள்ள ஜன்னலைவிட மேலே உள்ளது சிறிது. பெரியதாக வைத்தால் வீடு தலைகனத்து நிற்கும். பக்கங்களில் செங்கல் சுவர் எழுப்பவில்லை. கைமரத்தின் மேல் அந்த எடையை ஏற்றக் கூடாது. பலகை அடித்து அதன் மேல் ஓட்டுச் சில்லு. அறுத்த கைமரங்களின் பாரத்தை இருபுறமும் இரட்டிப்பாக்கிய கைமரங்கள் ஏற்றுக்கொண்டன.

உயிர் நிலை கூடல்வாய். குட்டிக் கூரையும் பெரிய கூரையும் சந்திக்கிற அந்த உள்மூலையில்தான் எல்லா மழையும் வந்து சேரும். 1994-இல் நான் தோற்ற இடமும் அதுவே. இம்முறை சிமெண்டைத் தொடவில்லை. ஒன்றரை அடி அகலத் துத்தநாகத் தகட்டை மடித்து, ஓட்டுக்கு அடியில் இருபுறமும் அரையடிக்குக் குறையாமல் நுழைத்து, தண்ணீர் ஓடுவதற்கு நடுவில் நாலு விரல் அகலம் திறந்து விட்டோம். தகடும் ஓடும் ஒட்டிக்கொள்ளவில்லை; வெயிலில் தனித்தனியே விரிந்து சுருங்கலாம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சரிவு வடக்கைப் பார்த்தது. வடக்கு வெளிச்சம் நிலையானது, நெசவுக்கு நல்லது என்று புத்தகம் சொல்லும். ஆனால் அது லண்டனுக்கும் லியோனுக்கும் எழுதியது. நம் ஊரில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போகும். வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். அதனால் தூக்கலின் இறவாணத்தை ஒன்றரை அடி முன்னால் நீட்டினோம். ஐப்பசிச் சாரலுக்கும் அதுவே குடை. அம்மா வேட்டி கட்டி மறைத்த வெயிலை இப்போது ஓடு மறைக்கிறது.

ஓடு போதவில்லை. இடித்துப்போட்ட இரண்டு வீடுகளின் பின்கட்டிலிருந்து பொறுக்கி வந்தோம். நாட்டு ஓடு சுடுகிறவரைத் தேடிப் பிடிப்பது இப்போது எளிதல்ல. கைமரத்துக்கும் பழைய மரம்தான். கான்கிரீட் தளம் போட அவர் வைத்திருந்த தொகையில் பாதிகூட ஆகவில்லை. தச்சு வேலையைச் செய்தவர் எங்கள் வீட்டுத் தூக்கலைக் கட்டியவரின் பேரன். தாத்தாவின் வேலையை இடித்தவன் நான் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பல மழைக்காலங்கள் கடந்துவிட்டன. கூடல்வாயில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பையன் மேலே பலகைப் பரணில் படிக்கிறான். கீழே அவன் அப்பா கோர்வைச் சேலை நெய்கிறார்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஓட்டு வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடிக்க நாள் குறிப்பதற்கு முன்னால் கூரைக்குள் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மோட்டுவளை எத்தனை அடி உயரம், கைமரங்கள் எத்தனை, சரிவு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இருட்டாக இருக்கிறது, இடம் போதவில்லை என்பவைதான் காரணம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். வரைபடத்துக்குக் காசு வேண்டாம். ஏணியும் நானே கொண்டுவருகிறேன்.